சூரியனைச் சோதித்த கதையும் வகுப்புக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இயற்பியல் செய்முறை வகுப்பில் ஊசலை ஆட்டிப் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வராமல் 9.4 வந்தால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? அழித்துவிட்டு, 9.8 வருகிற மாதிரி அளவீட்டை மாற்றி எழுதுகிறார்கள். என் வீட்டிலும் இதுதான். நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளக்காமல் விட்டிருந்தால் விடை குறையத்தான் செய்யும், அதைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. விடைதான் முன்பே தெரியுமே!

அதனால் உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பாடமாவது, கணக்கும் சோதனையும் ஒத்துப்போகாத கதையாக இருக்கட்டும். என் தேர்வு சூரியன். (நட்சத்திரத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாதே என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும்.)

சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது என்றால் நியூட்ரினோ என்ற துகள்கள் வெளியே வந்தாக வேண்டும். எவ்வளவு வரும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பாக்கால் கணக்குப் போட்டார். அவற்றைப் பிடிக்க ரே டேவிஸ் என்ற சோதனை விஞ்ஞானி 1960களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், டிரை கிளீனிங் கடைகளில் பயன்படும் திரவத்தைக் கிட்டத்தட்ட 4 லட்சம் லிட்டர் தொட்டியில் நிரப்பி வைத்தார். நியூட்ரினோ மோதினால் அதிலுள்ள குளோரின் அணு ஆர்கானாக மாறும். எண்ணிப் பார்த்தால் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது.

டேவிஸ் அழித்து எழுதவில்லை. தொட்டியைச் சரிபார்த்தார், பாக்கால் தன் கணக்கைச் சரிபார்த்தார், மற்றவர்கள் இருவரையும் சந்தேகப்பட்டார்கள், இப்படியே 30 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அப்புறம் கனடாவின் சட்பரியில் 1,000 டன் கனநீரை (கனமான ஹைட்ரஜன் அணுக்கள் உள்ள நீர்) வைத்துச் செய்த சோதனை 2001, 2002இல் முடிச்சை அவிழ்த்தது. நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறிவிடுகின்றன, டேவிஸின் தொட்டிக்கோ ஒரு வகைதான் அகப்படும். எல்லா வகையையும் கூட்டினால் பாக்கால் சொன்ன அளவு வந்துவிட்டது. நிறை இருந்தால்தான் இப்படி வகை மாற முடியும். ஆக இரண்டு பேருமே சரி, நியூட்ரினோவுக்கு நிறையே இல்லை என்ற எண்ணம்தான் தவறு! டேவிஸுக்கு 2002இல் நோபெல் பரிசு கிடைத்தது.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்கள். சரி, ஆண்டிறுதித் தேர்வு முடிந்து படம் போட்டுக் காட்டுகிற நாட்களில் ஒன்று போதும். இரண்டு பேரின் எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, கனடா பற்றி மூச்சு விடாமல், யார் தப்பு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளை அரை மணி நேரம் சண்டை போட விடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்