தனுஷ்கோடிக் காற்றில் 21 கிலோமீட்டர்

மதுரை
ஆடி மாதம்

அன்புள்ள கலை,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. நீ வீட்டில் இருந்தால் கவலை இல்லை. நைட் டூட்டி நாட்களில் சொட்டு மருந்தை யார் விடுகிறார்கள் என்று எழுது. இங்கே அம்மா நன்றாக இருக்கிறார். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், பி.எஸ்சி. கணிதம். என் பிடிவாதம் இல்லை, அவளே கேட்டு வாங்கியதுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கன்னியாகுமரிப் பக்கம் கடலோர அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், தூரத்தை ஓடிவிடுவேன், காற்றை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். போன ஞாயிற்றுக்கிழமைதான் தனுஷ்கோடிச் சாலையில் நடந்த ஓட்டத்தில் அதே தூரத்தை ஓடிவிட்டு வந்தேன். உடம்பில் இன்னும் அந்தக் காற்றின் நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

மதுரையில் ஓடுகிறவளுக்கு வெயில் ஒன்றுதான் கணக்கு. ஏழு மணிக்குள் முடித்துவிட்டால் தீர்ந்தது. ரேஸ்கோர்ஸிலோ வண்டியூர் கண்மாய்க் கரையிலோ காற்றைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ராமேஸ்வரத்தில் பேச்சே காற்றைப் பற்றித்தான். பாம்பன் பாலத்தில் காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் ரயிலையே நிறுத்திவிடுகிற ஊர் அது. முதல் நாள் சாயங்காலம் டீக்கடையில் நின்ற மீனவர் ஒருவர், "கச்சான் இப்போ அடங்காதும்மா, ஆடி போகணும்" என்றார். கச்சான் என்பது இந்தத் தென்மேற்குக் காற்று. அப்படியேதான் இருந்தது.

பாதையைச் சொல்கிறேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், 2017-இல் திறந்த சாலை. சத்திரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமாக முன்னால் ஓட்டத்தைத் தொடங்கி, முனையில் திரும்பி வந்தால் அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டர் கணக்காக வந்துவிடும். மேடு கிடையாது. நிழலும் கிடையாது. நிலம் தென்கிழக்காக நீண்டு, கடலுக்குள் ஒரு விரல் மாதிரி போகிறது. போகும்போது வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, அங்கே அதை ஆண் கடல் என்கிறார்கள். இடது பக்கம் பெண் கடல். ஆடியில் காற்று வருவது ஆண் கடல் பக்கமிருந்து. சரியான தென்மேற்காக இருந்தால் பக்கவாட்டில் தள்ளுவதோடு விட்டுவிடும். அன்று கொஞ்சம் தெற்கே ஒதுங்கி அடித்தது. அதனால் போகிற வழி முழுக்க வலது கன்னத்தில் எதிர்காற்று, காதுக்குள் ஒரே இரைச்சல். சாலையில் மணல் ஓடிக்கொண்டே இருந்தது.

உனக்குக் கணக்கு பிடிக்காது, இருந்தாலும் இதை மட்டும் பொறுமையாகப் படி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நாம் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஓடுகிறோம், காற்றே இல்லை என்று வைத்துக்கொள். அப்போதும் முகத்தில் 8 கிலோமீட்டர் வேகத்தில் காற்று படும். அந்த எதிர்ப்பை 1 என்று வை. அது அவ்வளவு சின்னது, நாம் உணர்வதே இல்லை. இப்போது எதிரே 16 கிலோமீட்டரில் காற்று வருகிறது. முகத்தில் படுவது 24. வேகம் மூன்று மடங்கு, எதிர்ப்பு ஒன்பது மடங்கு. திரும்பி வரும்போது அதே 16 முதுகில் அடித்தால்? அது நம்மைவிட 8 தான் அதிகம், ஆகவே 1 அளவுக்கு முன்னால் தள்ளும். ஆக, போகும்போது 8 கூடியது, வரும்போது குறைந்தது 2. போகையில் எடுத்ததைக் காற்று வருகையில் திருப்பித் தந்துவிடும் என்று ஓடுகிறவர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள். தராது. போய்த் திரும்புகிற பாதையில், காற்றுள்ள நாளில், நேரம் கூடத்தான் செய்யும். இதை மனது முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும், கலை. நான் உனக்குச் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்.

(ஒருவழிப் பாதையில் காற்று முதுகிலேயே இருந்தால் கதை வேறு. 2011-இல் பாஸ்டன் மாரத்தானை ஜெஃப்ரி முட்டாய் பின்காற்றில் 2 மணி 3 நிமிடம் 2 நொடியில் ஓடினார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. ஆனாலும் உலக சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. தொடக்கமும் முடிவும் அவ்வளவு விலகி இருக்கிற பாதை சாதனைக்குச் செல்லாது என்பது விதி.)

அதனால் கைக்கடிகாரத்தைப் பார்க்காதே. எதிர்காற்றில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று பிடிவாதம் பிடித்தால் பாதியிலேயே கால் காலியாகிவிடும். மூச்சைப் பார். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு சின்ன வாக்கியம் பேச முடிகிறதா, அந்த அளவிலேயே போ. வேகம் குறைந்தால் குறையட்டும், உழைப்பு ஒன்றாக இருந்தால் போதும். அடியைக் குறுக்கி வை, தோளை இறக்கு. நம்மையறியாமலே காற்றுக்கு எதிராகப் பல்லைக் கடித்துத் தோளைத் தூக்கிவிடுகிறோம், அதிலேயே பாதி சக்தி போய்விடுகிறது.

அப்புறம், தனியாக ஓடாதே. 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் அறிஞராகப் போன கிரிஃபித் பியூ என்பவர், 1971-இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டினார்: ஒருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால், காற்றை எதிர்க்கச் செலவாகும் சக்தியில் 80 சதவீதம் வரை மிச்சமாகும். 2019-இல் வியன்னாவில் கென்ய வீரர் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது, அவருக்கு முன்னால் சிலர் விரிந்து ஓடிக் காற்றைத் தடுத்தது அதற்காகத்தான். தனுஷ்கோடியில் இரண்டாவது கிலோமீட்டரிலேயே நாங்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டோம். பரமக்குடியிலிருந்து வந்த ஓர் அண்ணன், காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், நான். அண்ணன் நல்ல அகலமான ஆள். காற்று வலது முன்பக்கமிருந்து வந்ததால் அவருக்கு நேர் பின்னால் நின்றால் பயன் இல்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் பின்னால் நிற்க வேண்டும். அந்த இடம் கிடைத்ததும் இரைச்சலே நின்றுபோகும், நம் மூச்சு நமக்குக் கேட்கும். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். என் முறை வந்தபோது அந்தப் பிள்ளைகள் இருவரும் என் பின்னால் ஒடுங்கி வந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கலை. என் முதுகு இரண்டு பேருக்கு மறைப்பாக இருக்கிறது என்ற நினைப்பிலேயே அந்தக் கிலோமீட்டர் ஓடிவிட்டது.

அடுத்தவர் முதுகில் ஒளிந்து ஓடுவது மட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைசி வரை ஒளிந்தே வந்துவிட்டு, முடிகிற இடத்தில் முந்திப் போவதுதான் தப்பு. 2018 பாஸ்டனில் மழையும் எதிர்காற்றும் கொட்டித் தீர்த்தன. அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டன் அன்று தன்னால் முடிக்க முடியாது என்றே நினைத்திருந்தார். அதனால் தன் நாட்டு வீராங்கனை ஷலேன் ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது, வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, கூட்டத்தோடு சேர உதவினார். கடைசியில் 2 மணி 39 நிமிடம் 54 நொடியில் ஜெயித்தது அதே லிண்டன்தான். இதை என் பள்ளிப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறேன்.

பாதி வழியில் பழைய தனுஷ்கோடி வருகிறது. பவளக்கல் சுவரோடு கூரையில்லாமல் நிற்கிற தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. அந்த இடத்தில் நாங்கள் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம், யாரும் சொல்லி அல்ல. சிப்பிக் கடை போட்டிருந்த அக்காமார் எழுந்து நின்று கை தட்டினார்கள். இந்தக் காற்றிலேயே குடிசை போட்டு, இந்தக் காற்றிலேயே வலை இழுத்து வாழ்கிற குடும்பங்கள் அவர்கள். அவர்கள் கை தட்ட நான் ஓடியது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

முனையில் திரும்பியதும் வேறு சங்கதி. இரைச்சல் போய்விட்டது, கால் லேசாகிவிட்டது. ஆனால் ஐந்து நிமிடத்தில் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. காற்று நம்மோடேயே வருவதால் தோலில் புதுக் காற்று படுவதில்லை, வேர்வை காய்வதில்லை. எதிர்காற்றில் தாகமே தெரியாது, வேர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துபோகும். ஆகவே போகும்போதே, தாகம் இல்லாவிட்டாலும், தண்ணீர் வைத்திருக்கிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வாய் குடித்துவிடு. தண்ணீர்க் கப்புகள் மேஜையில் நிற்காமல் பறந்தன. சின்ன பாட்டில் ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொள். தொளதொள டீ-சர்ட் வேண்டாம், காற்று பிடித்து இழுக்கும். மணலுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள். தொப்பியைவிட நெற்றிப் பட்டை நல்லது.

போக 1 மணி 29 நிமிடம், வர 1 மணி 21. கணக்கு சொன்னபடிதான் வந்தது.

பயிற்சிக்கு நான் ஞாயிறுகளில் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் போனேன். மேற்குக் காற்று அங்கே மலை இடுக்கில் புகுந்து வரும், காற்றாலை வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். மெயின் ரோட்டில் லாரி பயம், அதனால் உள்ளே கிராமத்துச் சாலைதான். உனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அரல்வாய்மொழிக் கணவாய் பக்கத்திலேயே இருக்கிறது. வாரம் ஒரு நாள் முப்பந்தல் பக்கம் போய், எதிர்காற்றில் பத்து நிமிடம், திரும்பி பத்து நிமிடம் என்று ஓடு. முதல் இரண்டு வாரம் சிரமமாக இருக்கும், அப்புறம் உடம்பு பழகிவிடும்.

பள்ளியில் சாயங்காலம் பெண் பிள்ளைகளை மைதானத்தில் ஓட விடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதினேனே, இப்போது எட்டாம் வகுப்பிலிருந்தும் வருகிறார்கள். "ஓடி என்ன ஆகப்போகுது" என்று கேட்டு வந்த ஓர் அப்பா, போன வாரம் மகளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாம் கல்லூரியில் வெறுங்காலோடு 800 மீட்டர் ஓடியபோது நம்மிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை, வாங்கித் தரவும் இல்லை. இந்தப் பிள்ளைகளில் நாலு பேரையாவது அடுத்த வருடம் கடலோரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

உன் ஓட்டத்துக்கு நானும் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இடம் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்து எழுது. ஒரு கிலோமீட்டர் நீ முன்னால், ஒரு கிலோமீட்டர் நான். நாகர்கோவிலுக்கு சனிக்கிழமையே வந்துவிடுகிறேன். அத்தைக்கு இங்கிருந்து என்ன வாங்கி வர வேண்டும் என்பதையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
ஜெயா