ஊசி எழுதும் முன் தொழிலைக் கேள்

அன்பு மகள் செல்விக்கு,

பாம்பனில் எல்லோரும் நலம். உன் வார்டு நோயாளிகளுக்குக் கிருமியைக் கொல்லும் ஊசி எழுதும்போது ஜென்டாமைசினா அமிக்காசினா, எது நல்லது என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கிருமியைக் கொல்லும் விதத்தில் இரண்டும் ஒரே வம்சம். 1943-இல் மண் கிருமியிலிருந்து பிரித்த ஸ்ட்ரெப்டோமைசின்தான் மூத்தது. பாக்டீரியாவுக்குள் புரதம் செய்கிற ரைபோசோமில் இந்த வம்சம் ஒட்டிக்கொண்டு புரதத்தைத் தப்பாகச் செய்ய வைக்கும். குடல் உறிஞ்சாது, ஊசிதான். ரத்தத்தில் மருந்தின் அளவு உயர உயரக் கிருமியை அதிகம் கொல்லும். இறங்கிய பிறகும் கிருமி கொஞ்ச நேரம் தலைதூக்காது. அதனால்தான் பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே வேளை: ஜென்டா கிலோவுக்கு 5 முதல் 7 மில்லிகிராம், அமிக்காசின் 15. ஜென்டாவை முடக்கும் என்சைம்கள் பல கிருமிகளிடம் உண்டு. கானாமைசினை மாற்றிச் செய்த அமிக்காசின் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வசப்படாது. எந்த ஊசிக்குக் கிருமி அடங்கும் என்பதை, கிருமியை வளர்த்துச் சோதிக்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டே உனக்குச் சொல்லிவிடும்.

ரிப்போர்ட் சொல்லாதது காது. இந்த ஊசிகளால் வரும் கிட்னி பாதிப்பு பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் தேறும். சத்தத்தையும் அசைவையும் உணர்கிற உள்காதின் மயிர்செல் போனால் திரும்ப முளைக்காது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாவும் அதிகம் தாக்குவது உள்காது காக்கிற உடம்பின் சமநிலையை. அமிக்காசின் கேட்கும் திறனை. புத்தகத்தில் இது ஒரு வரி. நம் கரையில் அது பிழைப்பு. சமநிலை போனவர் பகலில், தரையில், கண்ணையும் காலையும் நம்பி ஒருவாறு நடந்துவிடுவார். ராத்திரி ஆடுகிற வள்ளத்தில் இரண்டுமே உதவாது. கடல்பாசி எடுக்க முங்குகிற அக்காமார்களுக்கு, கலங்கிய தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகலாம். அவர்களுடைய கிருமி வேறு வகை மருந்துக்கு அடங்கும் என்றால் அதையே எழுதச் சொல்லி உன் சீஃபிடம் பேசு. அமிக்காசினும் சில சமயம் சமநிலையைக் கெடுக்கும், அதை நம்பி அசந்துவிடாதே.

காது முதலில் இழப்பது கீச்சுச் சத்தங்களை. பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும்வரை நோயாளிக்கே தெரியாது, மருந்தை நிறுத்திய பிறகுகூட இந்தப் பாதிப்பு வரலாம். போட் இன்ஜின் பக்கத்திலேயே வேலை பார்த்தவருக்கு ஏற்கெனவே காது மந்தமாக இருக்கும். ஊசி போடும் நாள் நீளும் என்றால் முதலிலேயே ஆடியோகிராம் என்கிற காது சோதனையை எடுத்து வை. தாய்வழியில் யாருக்காவது இந்த வம்சத்து ஊசிக்குப் பிறகு காது போனதா என்று கேள். மைட்டோகாண்ட்ரியா மரபில் வருகிற கோளாறு ஒன்று உண்டு, அவர்களுக்குச் சாதாரண அளவே காதைப் பறித்துவிடும்.

அப்புறம், கடலிலிருந்து வருகிறவர்கள் நீர்ச்சத்து வற்றி, உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக்கும் போட்டுக்கொண்டு வருவார்கள். அவை இரண்டும் கிட்னியை வாட்டும். நம் ஊசி மருந்தோ மாறாமல் அப்படியே கிட்னி வழியாகத்தான் வெளியேறும். அதனால் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்க்காமல் இரண்டாவது டோஸ் வேண்டாம். சிறுநீரைக் கூட்டுகிற ஃப்ரூசிமைடு சேர்ந்தால் காதுக்கு இன்னும் ஆபத்து.

தினமும் ரவுண்ட்ஸில் அவர்களை எழுந்து நடக்கச் சொல். தள்ளாடினால் பலவீனம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதே, அம்மாடி. அன்றைக்கே சீஃபிடம் சொல்.

அன்புடன்,
அம்மா