விரலை எடுக்கும் நேரம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதபோது எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை, மக்களே. அதான் எழுதுகிறேன். தந்தி வாத்தியமான ஹார்ப்சிகார்டா, குழாய் வாத்தியமான ஆர்கனா, ஒன்றைப் பிடி, இல்லாவிட்டால் இரண்டிலும் அரைகுறைதான் என்று அங்கே யாரோ சொன்னார்களாமே. ஞாயிறு ஆர்கன் வேலையை விட்டுவிடாதே.

நீ இருக்கிற ஆம்ஸ்டர்டாமில்தான், இரண்டையுமே வாசித்த குஸ்டாவ் லியோன்ஹார்ட் வாழ்ந்தார். வியன்னாவுக்கு இசைக்குழு நடத்தப் படிக்கப் போனவர், பொழுதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய இசை ஏடுகளைக் கையால் படியெடுத்தாராம். 1950இல் அங்கேயே முதல் கச்சேரி, ஹார்ப்சிகார்டில். பிறகு இசைக்குழு நடத்துனர் ஹார்னன்கூரோடு பங்கிட்டுக்கொண்டு, இசையமைப்பாளர் பாக் ஆலயத்தில் பாட எழுதிய கான்டாட்டா என்ற இசைப் படைப்புகள் முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார்கள். 1971இல் வெளிவரத் தொடங்கியது, முடிய ஏறக்குறைய 20 வருடம். இவ்வளவுக்கும் நடுவில் ஆலயத்து ஆர்கனை அவர் விடவில்லை. முதலில் வால்சே கெர்க் ஆலயம், அப்புறம் நியூவே கெர்க் ஆலயம். வால்சே கெர்க்கில் இருப்பது கிறிஸ்டியன் முல்லர் 1734இல் கட்டிய ஆர்கன். நீ போய்ப் பார்த்தாயா?

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நம் சபையில் நான் வாசிக்கிற கால் ஆர்மோனியத்தில், மிதியை அழுத்தினால் சுரம் பொங்கும். உன் இரண்டு வாத்தியத்திலும் அந்த வசதி கிடையாது. ஹார்ப்சிகார்டில் சின்ன மீட்டுமுள் தந்தியைச் சுண்டுகிறது; ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய அதே சத்தம்தான். ஆர்கனில் குழாய்க்குக் காற்று போகும், நிற்கும். விரலுக்கு மிச்சமிருப்பது எப்போது தொடுவது, எப்போது எடுப்பது என்பது மட்டுமே. லியோன்ஹார்டின் பதிவுகளைக் கேள். ஒரு சுரத்துக்கு முன்னால் மயிரிழை அளவு காத்திருப்பார். சத்தம் கொஞ்சமும் கூடியிருக்காது, ஆனால் அந்தச் சுரம் கனத்து விழும். ஆர்கனில் விரலை எடுக்கப் பழகினவளுக்கு ஹார்ப்சிகார்ட் எப்படியம்மா அந்நியமாகும்?

2011 டிசம்பர் 12 அன்று பாரிசில் கடைசியாக வாசித்தார். அடுத்த ஜனவரி 16இல் இறந்துபோனார். 83 வயது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து சனங்கள் வெளியே போகும்போது நீ வாசிப்பதைப் பதிவு பண்ணி அனுப்பு. போனைக் கட்டைகளுக்குப் பக்கத்திலேயே வை. குழாய் பாடுவதோடு, உன் விரல் எழும்பும்போது கட்டை திரும்புகிற சத்தமும் எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா