மாமாவின் சிரப்பு கணக்கு

அன்பு மகளுக்கு,

மாமாவுக்கு ஈரல் சுருக்கம் என்கிறார்கள், ஆனால் வயிறு இளக்கும் சிரப்பைக் கொடுத்துத் தினமும் எத்தனை தடவை மோஷன் போனார் என்று குறித்துவைக்கச் சொல்கிறார்களே என்று கேட்டிருந்தாய். வைத்தியத்தின் பாதி அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது, அம்மா.

குடலைச் சுற்றிவரும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலுக்குள் போகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான். குடல் கிருமிகள் உண்டாக்கும் அம்மோனியாவும் அதில் சேர்ந்தே வரும். நல்ல ஈரல் அதை யூரியாவாக்கிவிடும். தழும்பேறிய ஈரலுக்கு அந்தத் தெம்பு இல்லை. போதாததற்கு, உள்ளே நுழைய முடியாத ரத்தம் பக்கவழிகளில் சுற்றிப்போய் மூளையைத் தொடுகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, நீட்டிய கை விட்டுவிட்டு உதறுவது, பேச்சில் தடுமாற்றம் எல்லாம் அதனால்தான்.

மாமாவுக்குக் கொடுக்கும் சிரப்பு லாக்டுலோஸ். அதைக் குடல் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் கூடினால் அம்மோனியா ரத்தத்துக்குள் ஏறாமல் குடலிலேயே தங்கி மலத்தோடு போய்விடும். வழக்கமாக 15 முதல் 30 மி.லி. வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுப்பார்கள். ஆனால் அளவைத் தீர்மானிப்பது சிரப்பை அளக்கும் மூடி அல்ல, மலம். நாளுக்கு 2 அல்லது 3 தடவை இளக்கமாகப் போக வேண்டும். ஒன்றோடு நின்றால் கூட்டவும், தண்ணீராகப் பலமுறை போனால் குறைக்கவும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவை. அதிகமானால் உடலில் நீர் வற்றி, பொட்டாசியம் இறங்கி, அதே குழப்பம் திரும்பி வரும். “மோஷன் சரியாகிவிட்டது” என்று சிரப்பை நிறுத்துவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. தயவுசெய்து நிறுத்தாதே.

பருப்பு, முட்டை, பால் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது பழைய நம்பிக்கை. தசையும் அம்மோனியாவைக் கழிக்கிறது. தசை கரைந்தால் மூளைக்குத்தான் நஷ்டம். நாளுக்கு, கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். சேமிப்பில்லாத ஈரல் நீண்ட பட்டினியைத் தாங்காது, அதனால் படுக்குமுன் ஏதாவது சாப்பிடக் கொடு.

ஈரலில் அழுத்தம் ஏறும்போது குடல்சுவரும் வீங்கி, காவல் தளர்ந்து, கிருமிகள் வெளியே கசிகின்றன. வயிற்றில் கோத்திருக்கும் நீருக்குள் அவை போனால் ஆபத்து. காய்ச்சலோ வயிற்றுவலியோ இல்லாமலும் இது வரலாம். அந்த நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். அசிடிட்டி மாத்திரை காரணமின்றி நீண்டுபோனால் இந்தத் தொற்று வர வாய்ப்பு கூடும். இன்னும் தேவையா என்று கேள். தூக்க மாத்திரையும், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அவராக வாங்கிப் போடவே கூடாது.

மோஷன் ஒழுங்காக இருந்தும் புதிதாகக் குழப்பம் வந்தால் சிரப்பைக் கூட்டிக்கொண்டு வீட்டில் காத்திருக்காதே. கறுப்பு மலம், காய்ச்சல், சிறுநீர் குறைவு உண்டா என்று பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. குறிப்பு நோட்டையும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா