உண்ணி நாயின் மேல் மட்டும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை விட்டு, ஏற்காட்டில் புல் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டால் போதும், உண்ணிக்கு வீட்டு வைத்தியம் என்று ஒன்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவ ஆரம்பித்துவிடும். நாளிதழ்களின் வீட்டுக்குறிப்புப் பகுதியிலும் அதுவே வரும்: ‘வேப்பெண்ணெய் தடவுங்கள், உண்ணி ஓடிவிடும்.’ எவ்வளவு, எதில் கலந்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை, யாருக்கு ஆகாது என்பதெல்லாம் இருக்காது. அளவு தெரியாமல் பூசினால் உண்ணி சாகாது. சில வீடுகளில் பூனை செத்துப்போகும்.

உண்ணி எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாயுண்ணி ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பியதும் நாயை விட்டு விழுந்துவிடும். விழுந்தது தரையில் கிடக்காது. சுவரேறி, விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். பொரித்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். கடுகை விடச் சிறிது. அது நாய் மேல் ஏறிக் குடித்து, இறங்கி, தோலுரித்து எட்டுக் காலோடு மறுபடி ஏறும். முட்டையிடுவதற்குள் மூன்று முறை ஏறி இறங்கிவிடும். கறவை மாட்டில் அதிகம் காணப்படும் உண்ணி அப்படி இல்லை. குஞ்சாக ஏறியது அதே மாட்டின் மேலேயே வளர்ந்து, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான் விழும். ஆகவே நாய் வளர்க்கும் வீட்டில் பாதி வேலை சுவரில். மாடு வளர்க்கும் வீட்டில் வாரம் தவறாமல் உடம்பில்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகைக் கரைசல் ஒன்று உண்டு. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டித் தெளிக்க வேண்டும். சொல்ல எளிது, செய்யும்போதுதான் சிக்கல். வசம்பு கட்டை போல இருக்கும். அப்படியே மிக்சியில் போட்டால் பிளேடுதான் போகும். இடித்து, முந்தின இரவே ஊறப்போட்டுவிட வேண்டும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். தெளிக்கும்போது மயிர் படிந்திருக்கும் வாக்குக்கு எதிராகக் கையால் தடவிக்கொண்டே போனால்தான் மருந்து தோலுக்கு எட்டும். காதின் உட்புறம், அலைதாடி, தொடையிடுக்கு, மடியைச் சுற்றி, வாலடி, இந்த இடங்களை விட்டுவிட்டு முதுகை மட்டும் நனைப்பது வீண் வேலை. கறப்பதற்கு முன் மடியைக் கழுவிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் தெளிப்பது நல்லது. மலையில் பனிமூட்டம் இறங்கும் நாளில் மயிர் ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் மருந்து ஒழுகிப்போகும். கரைசலை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மீதியைக் கட்டுத்தரைச் சுவரின் விரிசல்களிலும் தீவனத் தொட்டிக்கு அடியிலும் அடித்துவிடலாம். வாரம் ஒரு முறை, உண்ணி ஓயும் வரை.

உண்ணிச்செடியைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்வராயன் மலையில் அது இல்லாத வேலி இல்லை. அதன் இலை மருந்துக்கு ஆகும். ஆனால் தீவனப் பஞ்சத்தில் மாடு அதையே மேய்ந்தால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரியும். அந்தப் புதரின் நிழலும் ஈரமும் உண்ணிக்கு வசதியான இடம் வேறு. வீட்டை ஒட்டி அதை வளரவிட வேண்டாம்.

நாய்க்கு மேலே சொன்ன கரைசல் கூடாது. நாய் உடம்பை நக்கும். பூண்டு உள்ளே போனால் அதன் ரத்த அணுக்களைச் சிதைக்கும். நாய்க்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். இங்கே பலரும் தவறுவது கலக்கும் வரிசையில். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வந்து நாயின் தோல் சிவந்துவிடும். அதனால் எண்ணெயோடு 5 மில்லி சோப்புக் கரைசலைச் சேர்த்து, கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் விட்டுப் பால் போல வெளுக்கும் வரை அடித்து, பிறகு மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குளிப்பாட்டி ஈரம் வடிந்ததும் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, அதன் அடியிலும் விரலிடுக்கிலும் காது மடலின் வெளிப்பக்கத்திலும் தடவ வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால் வாரம் இரு முறை. சின்னக் குட்டிகளுக்கு வேண்டாம்.

இன்னொன்று: வேம்பு உடனே கொல்லும் மருந்து அல்ல. உண்ணி தோலுரிப்பதையும் முட்டையிடுவதையும் கெடுப்பதுதான் அதன் வேலை. மறுநாளும் உண்ணி நடமாடுவதைப் பார்த்துவிட்டு அளவை இரண்டு மடங்காக்குகிறவர்கள்தான் நாயைப் புண்ணாக்குகிறார்கள்.

பூனைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். கற்பூரம், நீலகிரித் தைலம் எதுவும் அதன் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளாது. நாய்க்கென்று விற்கும், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. பேன் சீப்பும் பொறுமையும் போதும்.

சீத்தாப்பழ விதைப் பொடி உண்ணியைக் கொல்லும் என்பது உண்மை. ஒரு துகள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும் என்பதும் உண்மை. புகையிலைக் கஷாயத்தில் இருக்கும் நிகோடின் தோல் வழியாகவே உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மனிதருக்கு: 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 10 சொட்டு எலுமிச்சம்புல் எண்ணெய். முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு கணுக்காலிலும் மணிக்கட்டிலும் தடவலாம். வாசனை போனதும் காவலும் போய்விடும், ஒன்றிரண்டு மணி நேரம்தான். காப்பி பறிக்க நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்பவர்கள் இதை நம்ப வேண்டாம். கடையில் கிடைக்கும், டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்பே மேல். அதைவிடக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது உதவும். உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசும் காலைப் பற்றி மேலே ஏறும். வெளுத்த துணி போட்டிருந்தால் ஏறுவது கண்ணில் படும்.

முற்றத்துக்கு மருந்தை விட வெயில் நல்லது. ஈரப்பதம் குறைந்தால் உண்ணி காய்ந்துவிடும். சில்வர் ஓக் சருகை வீட்டுச் சுவரோடு குவிக்காதீர்கள். புல்லை நான்கு விரல் உயரத்தில் வெட்டி வையுங்கள். தோட்டத்துக்கும் வாசலுக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்குச் சரளை கொட்டினால் அந்த உலர்ந்த பட்டையைக் கடக்க உண்ணி தயங்கும். விறகு அடுக்குக்கு நாய் படுக்கும் இடத்தின் பக்கத்தில் என்ன வேலை? சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். அடைக்காமல் அடித்தால் முட்டை உள்ளே பத்திரமாக இருக்கும். நாட்டுக்கோழி கொத்தும், ஆனால் விரிசலுக்குள் அதன் அலகு போகாது.

கடித்த உண்ணியைத் தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் அது தன் எச்சிலை இன்னும் உள்ளே விடவே உதவும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மெல்ல இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள்.

கடைசியாக, நாளிதழ்களுக்கே ஒரு திருத்தம். ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று நீங்கள் அச்சிடும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது மேலே சொன்ன உண்ணி அல்ல. புதரிலும் எலி நடமாடும் இடத்திலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு பூச்சியின் குஞ்சு அது. நாய்க்கு மருந்து அடித்தால் அந்தக் காய்ச்சல் வராது என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. நிஜ உண்ணி பரப்பும் டைபஸ் தனியாக உண்டு. தோட்டத்துக்குப் போய் வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், புதருக்குள் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை கேட்கும். அது எந்த அளவில், எத்தனை நாள் என்பது அவர் சொல்ல வேண்டியது.

இப்படிக்கு,
கால்நடைப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள் சிலர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.