செயலாளர் ஆண்டறிக்கை: வண்டிச் சோதனையும் வராத உறுப்பினர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டிகளில் காடு, மணல், பாறைப் பாதைகளில் போகும் நமது சங்கம் சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு ஐந்து பயணங்களை நடத்தியது. செயற்குழு திட்டமிட்டபடி கூடியது. புதிய உறுப்பினர்களுக்கு மணலில் ஓட்டவும், சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சைக் கையாளவும் ஒரு நாள் பயிற்சி தரப்பட்டது. முதலுதவி வகுப்பு ஒருமுறை தள்ளிப்போய் பிறகு நடந்தது. சங்கத்தின் பொருட்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் தயாரித்துவிட்டோம். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தன.

நான் விரிவாகப் பேச விரும்புவது வண்டிச் சோதனை நாளைப் பற்றி. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாரம் முன்பு எல்லா வண்டிகளையும் ஓரிடத்தில் நிறுத்தி அடி முதல் மேல் வரை பார்த்துவிடுவோம் என்று சென்ற ஆண்டு நான்தான் முன்மொழிந்தேன். நீங்கள் கை தூக்கி நிறைவேற்றினீர்கள். ஏன் ஒரு வாரம்? முந்தைய நாள் பார்த்தால் குறை தெரியும், ஆனால் சாமான் வாங்கி மாட்ட நேரம் இருக்காது. தெரிந்த குறையோடுதான் கிளம்ப வேண்டியிருக்கும்.

"இப்போதுதான் சர்வீஸ் முடித்து எடுத்து வந்தேன், இன்னொரு சோதனை எதற்கு?" இதைப் பல பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதனால் பதில் சொல்கிறேன். சர்வீஸில் தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டியதைப் பார்ப்பார்கள். சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்குள் காற்று போய்வர வைத்த பிரீதர் குழாயை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. கடினமான ஏற்றத்தில் மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டப் போடும் லோ ரேஞ்ச் கியரின் லீவர் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பார்ப்பதில்லை. கயிறு மாட்டும் கொக்கி எந்த போல்ட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. நாம் காட்டில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களால்தான்.

பிரீதரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சோதனையில் ஒரு வண்டியின் பின் ஆக்ஸிலில் அந்தச் சின்ன மூடி சேறு காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. சந்தேகத்தில் டிஃபரன்ஷியலின், அதாவது ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பல் சக்கரப் பெட்டியின், கீழ் போல்ட்டைக் கழற்றினோம். வந்தது எண்ணெய் இல்லை, பால் கலந்த காபி நிறத்தில் ஒரு குழம்பு. ஓடி ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் சட்டென்று ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்துக்குப் பிரீதர் வழியாகக் காற்று வர வேண்டும். அது அடைத்திருந்தால் ஆக்ஸில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அந்த உறுப்பினர் அதே எண்ணெயில் எத்தனை மாதம் ஓட்டினாரோ தெரியாது. பல் சக்கரம் தேய்ந்து உடைவதற்குள் கண்டுபிடித்தோம். அன்றைக்கே எண்ணெய் மாற்றி, பிரீதரிலிருந்து ஒரு குழாயை இன்ஜின் பக்கம் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினார்.

அதே நாளில் இன்னொன்று. முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் மூட்டில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், பூட் என்பார்கள். சக்கரம் நேராக இருக்கும்போது பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொல்லி டார்ச் அடித்தேன். மடிப்பு விரிந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். ரிம்மின் உள்பக்கத்தில் கிரீஸ் தெறித்து மெல்லிய கருப்புக் கோடாகப் படிந்திருந்தது. கிரீஸ் வெளியே போகும் வழியாக மணல் உள்ளே போகும். மணல் போன மூட்டு திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பிக்கும், அப்புறம் உடையும். கிழிந்த பூட்டை மட்டும் மாற்றினால் போதும் என்ற கட்டத்திலேயே பிடித்துவிட்டோம்.

பேட்டரியைக் கையால் அசைத்துப் பார்க்கச் சொன்னபோது சிலர் விசித்திரமாகப் பார்த்தார்கள். மூன்று வண்டிகளில் பேட்டரி ஆடியது. பிடிக்கும் பட்டையே இல்லாமல் ஒன்று வெறுமனே தட்டில் உட்கார்ந்திருந்தது. பாறையில் குதித்து ஏறும்போது அது எழும்பி பாசிட்டிவ் முனை பானட்டில் பட்டால் அங்கேயே தீ. இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும் என்பதைப் பலரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள், பட்டையை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீரில் இறங்கும்போது இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாயான ஸ்நார்கல் வைத்த நண்பர்களுக்கும் ஒரு சோதனை வைத்தோம். இன்ஜின் ஓடும்போது ஸ்நார்கலின் வாயைச் சில நொடி பலகையால் மூடினால் இன்ஜின் திணறி அணைய வேண்டும். ஒரு வண்டி அணையவே இல்லை. காற்று ஃபில்டர் பெட்டியோடு சேரும் இடத்தில் கிளாம்ப் கழன்று அங்கிருந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது. மேலே அவ்வளவு உயரத்துக்குக் குழாய் இருந்தும் பயனில்லை, தண்ணீர் பானட் மட்டத்துக்கு வந்தால் நேராக இன்ஜினுக்குள்தான் போகும். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அமுக்கப் பார்த்தால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

கயிறு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன், இனியும் இருப்பேன். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி இழுப்பதை நம்மில் சிலர் பழக்கமாகவே வைத்திருந்தார்கள். அந்த உருண்டை டிரெய்லரைச் சீராக இழுப்பதற்காகச் செய்தது. சேற்றில் புதைந்த வண்டியை நீளும் கயிற்றால் வெட்டி இழுக்கும்போது அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். உலகத்தில் பல இடங்களில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. பம்பருக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளையமும் அப்படித்தான், பெரும்பாலான வண்டிகளில் அது லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு வைத்தது. சேசிஸில் நல்ல போல்ட்டால் பிடித்த, எவ்வளவு எடை தாங்கும் என்று குறித்த கொக்கி முன்னாலும் பின்னாலும் இல்லாத வண்டியைப் பயணத்தில் சேர்க்க மாட்டேன் என்று சொன்னேன். இதற்காக இரண்டு உறுப்பினர்கள் என்மீது வருத்தத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வருத்தம் தீர வேண்டும் என்று விரும்புகிறேன், ஆனால் விதியை மாற்ற மாட்டேன்.

இப்போது மூன்றாவது பயணம். அந்தப் பயணத்துக்கு ஒன்பது வண்டிகள் பதிந்தன, சோதனைக்கு ஐந்துதான் வந்தன. "வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார்கள் வராதவர்கள். பாறை ஏற்றத்தின் பாதியில், சோதனைக்கு வராத ஒரு வண்டியின் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு, கழன்று விழுந்தது. ஒரு சக்கரம் இடப்பக்கம் பார்க்க, மற்றது வலப்பக்கம் பார்க்க, வண்டி ஏற்றத்தில் குறுக்காக நின்றது. பின்னால் இருந்த ஆறு வண்டிகளுக்கும் வழியில்லை. ஒருவர் இறங்கிப் போய் சாமான் வாங்கி வந்து மாட்டி முடிக்க ஆறு மணி நேரம் ஆனது. இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் இறங்கினோம். இரண்டு குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தன. சரிவின் ஓரத்தில் அது கழன்றிருந்தால் இந்த அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் அந்தத் தேய்மானம் கையிலேயே தெரிந்திருக்கும். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டினால் சக்கரப் பேரிங்கிலும் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டிலும் உள்ள தேய்மானம் தெரியும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத் தராததால் ஒன்பது வண்டிகள் ஆளுக்கு ஆறு மணி நேரம் தந்தோம். அந்த உறுப்பினர் அடுத்த சோதனைக்கு வந்துவிட்டார். அன்று அவர் பின்னால் நின்று தவித்தவர்களில் மூன்று பேர் வரவில்லை. இதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது பயணத்தில் பஞ்சரானது என் வண்டி. ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்று பாதிதான் இருந்தது. டயர் ஓரத்தில் தயாரிப்பு நாளைக் குறிக்கும் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மற்றவர்களின் டயரில் அதைக் குனிந்து படித்துச் சொன்ன நான் என் ஸ்டெப்னியில் படிக்கவில்லை. என் ஸ்டெப்னி பத்து வருடம் தாண்டிய டயர், பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அன்று என்னால் எல்லோருக்கும் தாமதம், அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது ஸ்டெப்னியை இறக்கிப் பார்ப்பது நமது சோதனைப் படிவத்தின் முதல் வரி. சோதிப்பவரின் வண்டியை வேறொருவர்தான் சோதிக்க வேண்டும் என்பதும் விதியாகிவிட்டது.

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே டயரை மூன்று பேர் அவரவர் காற்றழுத்த மானியில் (கேஜ்) அளந்தபோது மூன்று அளவு வந்தது. மணலில் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு இறக்குங்கள் என்று நான் சொன்னால் ஒருவர் 15-இல் இருப்பார், இன்னொருவர் 22-இல் இருப்பார். ஒருவருக்கு டயர் ரிம்மிலிருந்து கழலும், மற்றவர் புதைவார். அதனால் சங்கத்துக்கு ஒரு நல்ல கேஜ் வாங்கி எல்லோரும் அதோடு ஒப்பிட்டுக்கொள்கிறோம். இறக்கிய காற்றைத் தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதால் கம்ப்ரஸரையும் சோதனை நாளிலேயே ஓட்டிப் பார்க்கிறோம்.

பிரேக் ஆயில், கூலன்ட், ஹோஸ், பெல்ட், ஷாக் அப்சார்பர், தீயணைப்பான் ஆகியவை படிவத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்தாலே போதும். பிரேக் ஆயிலை மட்டும் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் சேர்ந்தபின் 140. நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் காரணம் இப்படி ஆயில் கொதித்ததாக இருக்கலாம்.

கணக்கு வழக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருந்தன, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கேஜ், புதிய நீளும் கயிறு ஒன்று, கயிற்றைக் கொக்கியில் மாட்டும் ஷேக்கிள் வளையங்கள், படிவம் அச்சிட்டது ஆகியவை முக்கியச் செலவுகள். சோதனைக்குப் பயன்படும், போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சும் இரண்டு ஜாக்கிகளும் என் சொந்தப் பொருட்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, சங்கத்துக்கென்று ஒரு செட் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அது ஏன் இல்லை என்றால் சந்தா வரவில்லை. உறுப்பினர்களில் கணிசமானோர் இந்த ஆண்டுச் சந்தாவை இன்னும் கட்டவில்லை, சிலர் சென்ற ஆண்டினதையும் கட்டவில்லை. நினைவூட்டல் மூன்று முறை அனுப்பினேன். அந்தப் பட்டியலில் பயணத்துக்கு வராதவர்கள் இருந்தால் புரிந்துகொள்ளலாம். ஐந்து பயணத்துக்கும் வந்து, சங்கக் கயிற்றால் இரண்டு முறை சேற்றிலிருந்து வெளியே வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். பழைய கயிறு ஓரம் பிசிறியும் அதை மாற்ற நான்கு மாதம் காத்திருந்தோம். அந்த நான்கு மாதமும் ஒவ்வொரு இழுப்பின்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்த ஆண்டைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு வண்டிக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. ஒன்பது வண்டி வந்தால் நானும் எனக்கு உதவும் ஒரே நண்பரும் காலையில் படுத்தால் மாலையில்தான் வண்டிக்கு அடியிலிருந்து எழுகிறோம். இன்னும் இரண்டு பேர் கற்றுக்கொள்ள முன்வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. டார்ச் பிடிக்கவும், ஆட்டிப் பார்க்கவும், பார்த்ததை மறைக்காமல் எழுதவும் தெரிந்தால் போதும். அப்படி இருவர் கிடைத்தால் இந்தப் பொறுப்பில் இன்னும் ஓராண்டு தொடர எனக்கு மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் செயற்குழு வேறு ஏற்பாடு யோசிக்க வேண்டியிருக்கும்.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பயிற்சிக்கு இடம் தந்தவர்கள், படிவத்தை அச்சிட்டுக் கொடுத்தவர், இருட்டில் சாமான் வாங்கி வந்த உறுப்பினர், வீட்டில் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். அடுத்த சோதனைக்கு வருபவர்கள் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள், ஆனால் முந்தைய நாள் கழுவாதீர்கள். நான்கு நாள் முன்னால் கழுவி, தினமும் ஓட்டுங்கள். எங்கே எண்ணெய் ஒழுகினாலும் சுத்தமான இடத்தில் புதிதாகத் தெரியும். ஸ்டெப்னியை இறக்கும் கம்பியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். படிவங்கள் என்னிடம் இருக்கின்றன, இன்று வெளியே போகும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சந்தாப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்