தலையணைக்கு அடியில் இருந்த சொட்டு மருந்து

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, தலையணை உறையை மாற்றப் போன அம்மா அதன் அடியில் மூக்கடைப்புச் சொட்டு மருந்துக் குப்பியைக் கண்டு, என்னிடம் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட்டாள். முக்கால்வாசி தீர்ந்திருந்தது. அன்றிரவு இரண்டு மணிக்கு நீ எழுந்து அதை இரண்டு நாசியிலும் விட்டுக்கொண்டதைக் கூடத்தில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பேசாததை இப்போது எழுதுகிறேன்.

ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற மருந்துகள் மூக்கினுள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் வழிவிடும். ஆனால் மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் மூக்கு முன்னிலும் அதிகமாக வீங்கி, அந்த அடைப்புக்கு மருந்தே காரணமாகிவிடும். உன்னைப்போலவே எனக்கும் இளைப்பு நோய் (ஆஸ்துமா) உண்டு என்பது உனக்குத் தெரியும். ஓர் ஆண்டு முழுவதும் அந்தக் குப்பியைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்ததைத்தான் உன்னிடம் சொன்னதில்லை. மருத்துவர் சொன்னபடி முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்தி, அந்தப் பக்கம் ஒரு வாரம் அடைத்தே கிடந்தபோது மறுபக்கத்தால் மூச்சுவிட்டுத் தூங்கி, அதிலிருந்து மீண்டேன்.

மூக்குதான் காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசியை வடிகட்டி நெஞ்சுக்கு அனுப்புகிறது. அது அடைத்துக்கொண்டால் பெங்களூரின் குளிர்காற்றும் பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் வாய்வழியாக நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இன்ஹேலரைத் தவறாமல் எடுத்தும் விடியற்காலையில் உனக்கு இழுப்பு வருவதற்கு, கவனிக்காமல் விட்ட மூக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நான்கு நாள் அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டாய். அதன் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். நாள்தோறும் அடிக்க வேண்டும். நீ தலையை அண்ணாந்து அடித்து உறிஞ்சுவதைப் பார்த்தேன். அப்படிச் செய்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தலையைச் சற்றே குனிந்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும், முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கும்படி பிடித்து அடித்து, மெல்ல மூச்சை இழு. இரு நாசிக்கும் இடையிலுள்ள நடுத்தண்டில் பட்டால் புண்ணாகி ரத்தம் கசியும். ஸ்பிரே அடிப்பதற்கு முன் உப்பு நீரால் மூக்கைக் கழுவினால் நல்லது. குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காமல், கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரையே பயன்படுத்து.

இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அம்மா நெய்யில் முந்திரி வறுத்தபோது பக்கத்திலேயே நின்ற நீ, வாசனை தெரியவில்லை என்றாய். மூக்கில் சதை வளர்ந்திருந்தாலும் அப்படி ஆகும். ஆஸ்துமாவோடு சதை வளர்ச்சியும் உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் ஓரிரு மணி நேரத்தில் கடும் மூச்சிரைப்பைக் கொண்டுவந்துவிடும். ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை, தலைவலி என்று அவற்றை நீயாக வாங்கிப் போடாதே, அம்மா.

மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டு எனக்குச் சொல். முந்தின நாள் காட்பாடியில் பிருந்தாவன் ரயில் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா